காணாமல் போன கிடாரியும் செஸ்னா விமானமும்: தன்னார்வ விமானிகள் எப்படித் தேடுகிறார்கள்?

காங்கேயம் பக்கம் எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மாடு மேய விடுகிற கொறங்காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி. காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் வரை யாரும் கூடப் போய் நிற்க வேண்டியதில்லை. அப்படியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கிடாரி வேலிச் சந்தில் நுழைந்து போய்விடும். சாளையில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்ப்பார்கள். அப்புச்சி ஓடவிட மாட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மூன்று கேள்வி கேட்பார். கடைசியாக அதை எங்கே பார்த்தது? எந்தப் பக்கம் முகம் வைத்து நின்றது? அப்புறம் எவ்வளவு நேரம் ஆச்சு? பதில் வந்த பிறகுதான் ஆளைப் பிரிப்பார். ஒருவன் இட்டேறியோடு போவான், ஒருவன் பள்ளத்தோரம் போவான், கண் நன்றாகத் தெரிகிறவன் மேட்டில் ஏறி நின்று பார்ப்பான்.

அக்கா மகன் போன மாதம் ஒரு கேள்வி கேட்டான். கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறான். சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் இன்னும் மொட்டை மாடிக்கு ஓடுகிற பையன். "ஏனுங்க மாமா, பட்டாளத்துல சேராம, சும்மா நம்மளாட்ட ஆளுங்க விமானம் ஓட்டிட்டுப் போயி, காணாமப் போனவங்களத் தேட முடியுமுங்களா?" என்றான். முடியும், சில நாடுகளில் அதற்கென்றே அமைப்பு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியவன், பாதியில் கொறங்காட்டுக்குப் போய்விட்டேன். இரண்டும் ஒரே வேலைதான். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

யார் இவர்கள்

இந்த வகை அமைப்புகளில் மிகப் பெரியது அமெரிக்காவின் சிவில் ஏர் பேட்ரோல். பள்ளி வாத்தியார், கடைக்காரர், என்ஜினீயர், ஓய்வுபெற்ற விமானி என்று பலதரப்பட்ட ஆட்கள் அதில் உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது. வருடச் சந்தாவையும் சீருடைச் செலவையும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். விமானப்படை ஒப்படைக்கும் பணிக்குப் பறக்கும்போது பெட்ரோல் செலவும் விமானப் பராமரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பு. விமானங்கள் அமைப்புக்குச் சொந்தமானவை. ஏறக்குறைய 550 இருக்கின்றன, பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் செஸ்னாக்கள். நான்கு பேர் உட்காரலாம். உள்ளே இருக்கும் இடத்தைக் கேட்டால் பழைய மாருதி 800 நினைவுக்கு வரும்.

இது தொடங்கிய கதை சுவாரசியமானது. 1941இல் அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பயம். போர் வந்தால் அரசாங்கம் தங்கள் விமானங்களை எல்லாம் தரையில் கட்டிப்போட்டுவிடும். கட்டிப்போடுவதற்குப் பதில் எங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கில் ராப் வில்சன் என்பவர் ஒரு திட்டத்தோடு போனார். 1941 டிசம்பர் 1 அன்று அமைப்பு உருவானது. சரியாக ஆறு நாள் கழித்து பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது.

அடுத்த வருடமே ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. கடற்படையிடம் போதுமான விமானம் இல்லை. 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை இந்தத் தன்னார்வலர்கள் தங்கள் சின்ன விமானங்களில் கடல் மேல் ரோந்து போனார்கள். ஒற்றை எஞ்சினை நம்பிக் கடல் மேல் போவது சாதாரண வேலை இல்லை. எஞ்சின் நின்றால் இறங்க இடம் கிடையாது. அந்தக் கரையோர ரோந்தில் 26 பேர் உயிரிழந்தார்கள், 90 விமானங்கள் போயின. போர் முடிந்த பிறகு 1946இல் இது லாபநோக்கற்ற அமைப்பாகச் சட்டப்படி பதிவானது. 1948இல் விமானப்படையின் அதிகாரப்பூர்வத் துணை அமைப்பானது. அன்று ரோந்து போனவர்களையும் சேர்த்து, போர்க்கால உறுப்பினர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது 2014இல்தான். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இன்று இவர்களுக்கு மூன்று வேலை: தேடுதல், மீட்பு போன்ற அவசரப் பணிகள்; சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி; விமானம், விண்வெளி பற்றிய கல்வி. கனடாவிலும் 1986 முதல் காசாரா என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. அந்த உறுப்பினர்கள் தங்கள் சிறு விமானங்களில் தேடுவார்கள். தேவைப்பட்டால் விமானப்படையின் பெரிய விமானத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாக மட்டும் வேலை செய்வதும் உண்டு.

தேடுவது என்றால் என்ன

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். யாரோ காணவில்லை என்று டிவியில் பார்த்ததும் இவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் நடக்கும் தேடுதல்களை விமானப்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் கவனிக்கிறது. ஃபுளோரிடாவில், டிண்டால் என்ற விமானப்படைத் தளத்தில் இருக்கிறது அது. தகவல் அங்கே போகும். அவர்கள் விசாரித்து, பணிக்கு ஒரு எண் போட்டு, அந்த மாநிலத்தில் உள்ள சிவில் ஏர் பேட்ரோல் பிரிவைக் கூப்பிடுவார்கள். எண் இல்லாமல் பறந்தால் அது சொந்தச் செலவில் போன உல்லாசப் பயணம்.

கூப்பிட்டதும் முதலில் நடப்பது அப்புச்சியின் மூன்று கேள்விதான். கடைசியாக ரேடாரில் எங்கே தெரிந்தது? எந்தத் திசையில் போனது? எவ்வளவு எரிபொருள் மிச்சம்? அந்த எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒரு வட்டம் போடுவார்கள். அது பெரிய வட்டம். பிறகு அதைச் சுருக்க வேண்டும். விமானி எந்த வழியாகப் போவதாக வீட்டில் சொன்னார், அந்த நேரத்தில் மலையில் மேகம் இருந்ததா, செல்போன் கடைசியாக எந்த டவரோடு பேசியது. இப்போது பல பேரைக் கண்டுபிடிப்பது இந்தச் செல்போன் கணக்குதான். அதைப் பார்ப்பதற்கென்று தனிக் குழுவே வைத்திருக்கிறார்கள். அந்தக் குழு விமானத்தில் ஏறுவதே இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை முடிந்துவிடும்.

இடம் சுருங்கிய பிறகு வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகை அளவுள்ள கட்டங்கள். நம் ஊருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கோவை இருக்கும் அட்சரேகையில் ஒரு கட்டம் தெற்கு வடக்கில் சுமார் 28 கிலோமீட்டர், கிழக்கு மேற்கில் சுமார் 27. கிட்டத்தட்ட 760 சதுர கிலோமீட்டர். கோவை மாவட்டம் முழுவதும் 4,700 சொச்சம் சதுர கிலோமீட்டர் என்பதால் ஆறு கட்டத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆறுதானே என்று தோன்றும். ஒரு கட்டத்தை உழவு சால் போடுவதுபோல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், திரும்பி அந்தக் கோடியிலிருந்து இங்கேயும் போய் வர வேண்டும். சாலுக்குச் சால் இடைவெளி ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து சால். மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 167 கிலோமீட்டர் வேகத்தில் (90 நாட்) போனால் இரண்டரை மணி நேரம், திரும்புகிற நேரம் தனி. காடு அடர்த்தியாக இருந்தால் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும், அப்போது ஐந்து மணி நேரம். இது ஒரே ஒரு கட்டத்துக்கு, ஒரே ஒரு தடவைக்கு.

விமானத்துக்குள் வேலைப் பிரிவினை உண்டு. ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும்தான் வேண்டும். அவர் தேடிக்கொண்டிருந்தால் இன்னொரு விமானம் அவர்களைத் தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வரைபடம், ரேடியோ இரண்டையும் பார்த்துக்கொண்டு தன் பக்கத்து ஜன்னலிலும் கண் வைத்திருப்பார். பின்னால் இருப்பவருக்கு வேலையே பார்ப்பதுதான். தரையிலிருந்து ஆயிரம் அடி உயரம், நொடிக்கு 46 மீட்டர் வேகம். பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தென்னந்தோப்புக்குள் கிடக்கும் ஒரு பழைய சைக்கிளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த பஸ் மூன்று மடங்கு வேகத்தில் போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். ஏனென்றால் நம் கண்ணைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. கண்ணை ஓடவிட்டால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். ஓடும்போது கண் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை, நிற்கும்போதுதான் பார்க்கிறது. அதனால் ஒரு இடத்தில் நிறுத்தி, அடுத்த இடத்துக்குத் தாவி, அங்கே நிறுத்தி, விமானத்துக்குக் கீழிருந்து தொலைவு வரை வரிசையாகப் பார்த்துப் பழக வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கண் சோர்ந்துவிடும். வெயில், குலுக்கல், வாந்தி வருவதுபோல் இருக்கும். அப்படியும் பார்க்க வேண்டும். விழுந்த விமானம் விமானம் மாதிரி இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. முறிந்த மர உச்சிகள், புதிதாகக் கீறிய மண், வெயிலில் ஒரு மினுக்கல், இயற்கையில் இல்லாத ஒரு நேர்கோடு, வட்டமிடும் பறவைகள். மேலிருந்து பார்த்தால் பாதி விமானங்கள் யாரோ கொட்டிய குப்பை மாதிரிதான் இருக்குமாம்.

சரி, தேடிவிட்டோம், ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதிவிடலாமா? இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. கிடாரியையே எடுத்துக்கொள்வோம். பள்ளத்தோரம் இருக்க நூற்றுக்கு 60, மேட்டுக்காட்டில் இருக்க 40 என்று அப்புச்சி மதிப்பிடுகிறார். பள்ளத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அதனால் மாடு அங்கே இருந்தாலும் கண்ணில் படுவது பாதிக்குப் பாதிதான். போனவன் இல்லை என்று திரும்பி வருகிறான். இப்போது பள்ளத்தின் 60இல் பாதி கழிந்து 30 மிச்சம். மேட்டின் 40 அப்படியே இருக்கிறது. மொத்தம் 70. அதில் பள்ளத்தின் பங்கு 43 சதவீதம், மேட்டின் பங்கு 57. ஆகவே அடுத்த ஆளை மேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பள்ளத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிடக் கூடாது, மேட்டில் கிடைக்காவிட்டால் திரும்பப் போகத்தான் வேண்டும். தேடுதலை நடத்துகிறவர்கள் ஒவ்வொரு விமானம் திரும்பி வந்ததும் இந்தக் கணக்கைத்தான் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதனால் தரையிறங்கியதும் "எவ்வளவு நன்றாகத் தெரிந்தது?" என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். நன்றாகப் பார்த்தேன் என்று கௌரவத்துக்காகச் சொல்லும் ஒரு பொய், ஒருவரைக் காட்டிலேயே விட்டுவிடும்.

இன்னொரு உதவி, விமானத்திலேயே இருக்கும் அவசர சமிக்ஞைப் பெட்டி. பைலட்டுகள் ஈ.எல்.டி. என்பார்கள். பலமாக மோதினால் தானாகவே 406 மெகாஹெர்ட்ஸில் கத்தத் தொடங்கும். செயற்கைக்கோள் அதைக் கேட்டு, யாருடைய பெட்டி, ஏறக்குறைய எங்கே என்று கீழே சொல்லும். இந்தியாவில் இதைக் கேட்கும் மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது. பக்கத்தில் வந்த பிறகு பெட்டியை நெருங்க 121.5 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு சமிக்ஞை உண்டு. பழைய டிரான்சிஸ்டரில் கோவை வானொலி கேட்டவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். ரேடியோவைக் கையில் வைத்து மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் சத்தம் குன்றிப்போகும். அந்தத் திசையை வைத்து நிலையம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். விமானி வட்டமடிக்கும்போது அதேபோல ஓர் இடத்தில் இறக்கை ஆன்டெனாவை மறைத்துச் சத்தம் குன்றும். அதை வைத்துத் திசை பிடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய வகைப் பெட்டிகளில் வந்த கத்தல்களில் மிகப் பெரும்பாலானவை பொய். தடாலென்று தரையிறக்கியதாலோ பழுதாலோ கத்தியிருக்கும். நள்ளிரவில் எழுந்து, சீருடை மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் திசை பிடித்துப் போய்ப் பார்த்தால் பூட்டிய கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கும் விமானம். 2009 பிப்ரவரியோடு செயற்கைக்கோள்கள் பழைய அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

கிடைக்காமல் போனவர்

ஒவ்வொரு தடவையும் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பலூனில் தனியாக உலகைச் சுற்றிய ஸ்டீவ் ஃபாசெட் 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் ஒரு பண்ணையிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பினார். பறப்புத் திட்டம் எதுவும் பதிவு செய்யவில்லை. சும்மா ஒரு சுற்று. திரும்பவில்லை. ஒரு மாதம் தேடினார்கள். சுமார் 52,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. சிவில் ஏர் பேட்ரோல் விமானங்கள் அதில் முக்கியப் பங்கு வகித்தன. வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் கிடந்த வேறு பழைய விமானச் சிதைவுகள் பல கிடைத்தன. ஃபாசெட் கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, கலிஃபோர்னியாவின் மலையில் நடைபோன ஒருவர் தரையில் சில அடையாள அட்டைகளைப் பார்த்தார். பண்ணையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து தேடியபோது விமானம் கிடைத்தது. எவ்வளவோ விமானம் பறந்து தேடியது ஒரு மனிதனின் காலடியில் கிடந்தது. "அப்ப விமானம் எதுக்குங்க மாமா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். வானத்திலிருந்து சீக்கிரம் பார்க்கலாம், ஆனால் மேலோட்டமாகத்தான் பார்க்க முடியும். தரையில் மெதுவாக, ஆழமாகப் பார்க்கலாம். அதனால் விமானம் ஓர் இடத்தைக் காட்டியதும் நடந்துபோகிற குழு ஒன்று தயாராக நிற்க வேண்டும். இவர்களிடம் அந்தக் குழுவும் உண்டு, அதில் பையன்களும் பெண்பிள்ளைகளும் இருப்பார்கள்.

பிள்ளைகள்

கேடட் பிரிவு 1942 அக்டோபரில் தொடங்கியது. 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் சேரலாம், 21 வரை தொடரலாம். வாராவாரம் கூட்டம், உடற்பயிற்சி, அணிவகுப்பு, விமானவியல் பாடம், கோடையில் முகாம். எஞ்சின் விமானத்தில் ஐந்து தடவை, எஞ்சினே இல்லாத கிளைடரில் ஐந்து தடவை வரை இலவசமாக முன் இருக்கையில் ஏற்றிச் சென்று காட்டுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பறத்தலுக்காகத்தான் வருகிறார்கள். வந்த பிறகு அவர்கள் கற்றுக்கொள்வதில் பாதி பறப்பதைப் பற்றியது அல்ல. செக்லிஸ்ட்டை மனப்பாடமாகத் தெரிந்தாலும் வரி வரியாகப் படிப்பது, ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது, திசைகாட்டியை வைத்து நடப்பது, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பட்டினி போடாமல் முகாம் முடித்துக் கூட்டி வருவது.

தேடும் விமானத்தின் பின் இருக்கையில் நோட்டம் பார்க்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் தரைக் குழுவிலோ ரேடியோவிலோ பெரியவர்கள் மேற்பார்வையில் வேலை செய்வார்கள். பட்டாளத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நம் பக்கம் என்ன இருக்கிறது

சிவில் ஏர் பேட்ரோல் மாதிரி ஒரு அமைப்பு இங்கே இல்லை. காரணம் ஆர்வக்குறைவு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் தனியார், சிறு விமானங்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். பொதுமக்கள் பயன்படுத்தும் ஓடுதளங்கள் ஐயாயிரம் சொச்சம். அங்கே சின்னச் சின்ன ஊரில்கூட ஒருவர் விமானம் வைத்திருப்பார், நம் ஊரில் ஒருவர் டிராக்டர் வைத்திருப்பதுபோல. இங்கே அது இல்லை. அதோடு பறப்பதற்குப் பொதுவாக விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். சூலூரில் போர் விமானத் தளத்தை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஆளாளுக்கு வட்டமடிக்க விட முடியாதுதான். நிலமும் எளிதானது இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் என்ன பாடுபடுத்தும் என்று பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகளே தாழப் பறப்பவனுக்கு எமன்.

ஆகவே இங்கே வானத்திலிருந்து தேடுவது பெரும்பாலும் விமானப்படையின் வேலை, கடலில் கடலோரக் காவல்படையின் வேலை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் போயின. ஆனால் அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தது மலையடிவார ஊர்க்காரர்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் அருகே பள்ளத்தாக்கு மேகத்துக்குள் நுழைந்து விழுந்தபோதும், முதலில் குடத்தில் தண்ணீரோடும் கம்பளியோடும் ஓடியது நஞ்சப்பசத்திரம் மக்கள்தான்.

ஓடுவதற்கு நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறடிக் கிணற்றில் கன்றுக்குட்டி விழுந்தால் அரை மணி நேரத்தில் வடக்கயிறும் கட்டிலும் வந்துவிடும். இல்லாதது அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கிற ஆள். வெள்ளியங்கிரியில் ஏழாவது மலைக்குப் போன கூட்டத்தில் ஒருவரைக் காணோம் என்றால், எல்லோரும் ஒரே பாதையில் மேலே ஏறிக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள். கடைசியாகப் பார்த்தது யார் என்று எழுதி வைக்கிறவர் இருக்க மாட்டார்.

அந்த ஆளாகப் பழக விரும்பும் பிள்ளைக்கு இங்கேயும் வழிகள் உண்டு. தேசிய மாணவர் படை (என்.சி.சி.) 1948இல் தொடங்கியது, அதன் விமானப் பிரிவு 1950இல். கேடட்டுகள் பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்வார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பயிற்சியாளரோடு இரண்டு இருக்கை மைக்ரோலைட்டில் பறப்பார்கள். அந்த விமானத்தின் பெயர் வைரஸ். கொரோனாவுக்கு முன்பே வைத்த பெயர், அவர்கள் மேல் தப்பில்லை. 'சி' சான்றிதழ் வாங்கியவர்கள் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே நேரடியாகத் தேர்வு வாரியத்துக்குப் போகும் சிறப்பு வழி உண்டு. ஆனால் இது அரசுப் படை. பெரியவர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பு அல்ல, தேடுதல் இதன் அன்றாட வேலையும் அல்ல.

காசு இருந்தால் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேலம் காமலாபுரம் விமான நிலையம்வரை போகலாம். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும், வணிக உரிமத்துக்கு 200 மணி நேரமும் வேண்டும். தோட்டத்துப் பத்திரம் பேங்குக்குப் போகிற செலவு என்பதால் இதை நான் யாருக்கும் லேசில் சொல்வதில்லை.

காசில்லாமல் தொடங்கக்கூடியவை வேறு. பேரிடரில் உதவத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் ஆப்த மித்ரா திட்டம் 18 முதல் 40 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அமெச்சூர் வானொலி உரிமத்தை, ஹாம் ரேடியோ என்பார்களே, அதை 12 வயதிலேயே தேர்வு எழுதி வாங்கலாம். டவர் சாய்ந்துபோன நாளில் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிக்கொள்ள அது உதவும். அப்புறம் டிரோன். நம் மலையடிவாரத்துக்கு இதுதான் பொருத்தமானது என்பது என் கட்சி. பத்தாம் வகுப்பு முடித்த 18 வயதுக்காரர் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிவரை பறக்கவிடலாம். பீளமேடு, சூலூர் ஓடுதளங்களைச் சுற்றிச் சிவப்பு மண்டலம், அனுமதி இல்லாமல் அங்கே கூடவே கூடாது. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா பொருத்தினால் விடியற்காலையில் தேட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் மனிதனும் பாறையும் கேமராவுக்கு ஒன்றாகிவிடும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுநாளே என்.சி.சி. விமானப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டான். சேர்க்கை கல்லூரி திறந்த கொஞ்ச நாளிலேயே முடிந்துவிடும் என்பதால் அவசரம். அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். "ஏன்டா, பையன் ஏரோப்ளேன்ல ஏறப் போறானாமா? நீதான் ஏத்தி உட்டியா?" என்றாள். முதல் வருடம் வெயிலில் அணிவகுப்பு, பூட்ஸுக்குப் பாலிஷ், பால்சா மரத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பது, அவ்வளவுதான் என்றேன்.

"அப்பச் செரி," என்று போனை வைத்தாள்.